ஒரு மனு, ஒரு குடை

“குடை ஒண்ணுதானா?”

“மனு ஒண்ணுதானே அம்மா. ஒருத்தர் கேட்டா ஒருத்தருக்கு. இங்க ஒரு கையெழுத்து போடுங்க. ஒண்ணே ஒண்ணு.”

மனு அலுவலர் நீட்டிய கறுப்புக் குடையைத் தில்லைவடிவு வாங்கிக்கொண்டாள். அவள் கேட்டது குடையை அல்ல, கூரையை. வருடத்தில் பத்து மாதம் மழை பெய்யும் முகிலூர் நாட்டின் அரசுப் பள்ளியில் அவள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அந்த வகுப்பின் உத்தரம் உளுத்துப்போய், நாற்பது பிள்ளைகளின் தலைக்கு மேல் எந்நேரமும் விழுவேன் என்று தொங்கிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் ஆசிரியர் சங்கம் பதினொரு கையெழுத்தோடு ஒரு தாள் அனுப்பும். மறுநாளே தச்சர் வந்துவிடுவார். பகலெல்லாம் குறட்டை விடும் நான்காம் வகுப்பு உத்தண்டி வாத்தியாரை யாரும் தொடவிடாமல் காத்ததும் அதே சங்கம்தான். அந்தக் குறட்டையைக் கேட்ட அரசர், நாட்டின் கல்வி கெட்டதற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டார். ஒரு தாளில் இரண்டு கையெழுத்து இருந்தால் அது சங்கம், சங்கம் குற்றம் என்று ஓராண்டுக்குச் சட்டம் வந்தது. உத்தண்டியின் தூக்கம் மட்டும் கலையவில்லை. அவரை எழுப்புவது பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

தில்லைவடிவைப் பார்த்து மற்ற பத்துப் பேரும் தனித்தனியாக மனு எழுதினார்கள். கல்வி அமைச்சர் இளம்பரிதியார் முகம் சிவந்தார்.

“பதினோரு மனுவிலும் ஒரே உத்தரமா? கூடிப் பேசி எழுதியிருக்கீங்க!”

அன்றே புதிய ஆணை: ஒருவர் சொன்ன குறையை இன்னொருவர் சொல்லக் கூடாது. கூரை தில்லைவடிவின் பெயரில் பதிவாகிவிட்டதால், பக்கத்து வகுப்பு ஆசிரியை வானத்தின் மீது புகார் எழுதினாள். வானத்திடம் விளக்கம் கேட்டிருப்பதாகப் பதில் வந்தது.

மூன்றாவது ஆணைப்படி ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசக் கூடாது. இரண்டாம் வகுப்பில் எதுவரை நடத்தினார்கள் என்று தில்லைவடிவுக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்தாம் வாய்ப்பாட்டில் தொடங்கினாள். மற்றவர்களும் அப்படியே தொடங்கி, அடுத்தவரைக் கேட்காமல் மேலே போகப் பயந்தார்கள். ஆண்டு முழுவதும் எல்லா வகுப்பிலிருந்தும் “ஐயைந்து இருபத்தஞ்சு” மட்டுமே கேட்டது. எங்கும் ஒரே தரம் வந்துவிட்டதென்று அரசவை மகிழ்ந்தது.

தில்லைவடிவு மகிழவில்லை. பிள்ளைகளை ஒரு மூலையில் நெருக்கி உட்காரவைத்து, காலையும் மாலையும் பெஞ்சில் ஏறி உத்தரத்தின் விரிசலில் விரலை விட்டுப் பார்த்தாள். சித்திரையில் நகம் நுழைந்தது. பங்குனியில் விரல் முழுதும் நுழைந்தது.

சட்டத்தின் கடைசி நாளன்று அவள் ஒன்பதாவது மனுவோடு அரசவையில் நின்றாள். சட்டம் நீடிக்க வேண்டுமானால், நண்பகல் மணிக்குள் மூன்று அமைச்சர்கள் ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும். இளம்பரிதியார் முதலில் போட்டார். நிதி அமைச்சர் பேனாவை எடுத்தபோது எழுத்தர் மெல்ல இருமினார்.

“மன்னிக்கணும் ஐயா. இதுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு.”

“இருந்தா?”

“நீங்களும் போட்டா நீங்க சங்கம். காவலரைக் கூப்பிடணும்.”

பேனா அந்தரத்தில் நின்றது. அமைச்சர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கலந்து பேசுவதற்கும் அவர்களுக்குத் துணிவில்லை. நண்பகல் மணி அடித்தது. சட்டம் செத்தது.

மறுநாள் காலை பதினொரு கையெழுத்தோடு தாள் போனது. மாலைக்குள் தச்சர் வந்தார். புதுச் சங்கத்தின் முதல் தீர்மானம் உத்தண்டியை எழுப்புவது. எழுந்தவர், “என்னம்மா, மழை விட்டுச்சா?” என்றார்.

விடவில்லை. ஆனால் மூன்றாம் வகுப்பில் அது இப்போது வெறும் சத்தம்தான். பிள்ளைகள் கை காலை நீட்டி அறை முழுக்கப் பரவி உட்கார்ந்து, ஆறாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். தில்லைவடிவு நிமிர்ந்து புது உத்தரத்தைப் பார்த்தாள். குடையை மடக்கி மூலையில் சாய்த்தாள்.

வாசலில் மூன்று பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவர் இளம்பரிதியார்.

“சட்டம் செத்ததுக்கு அரசர் எங்களைத் தனித்தனியாக் கூப்பிடறாரு, டீச்சர். உள்ள போனா பதவி நாற்காலி இல்லாமத் திரும்பி வர்றோம். ஒருத்தனா நின்னு கேட்டா காதுலயே வாங்க மாட்டேங்கிறாரு.” தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். “உங்க சங்கத்துல எங்களையும் சேத்துக்குங்களேன்.”