யெஸ்டினின் நான்கு சொற்கள்

தலையில் அடி விழ விழ அறிவு கூடிய ஒரே மனிதர் என்று மருத்துவ உலகம் யாருக்காவது சிலை வைக்க நினைத்தால், அந்தச் சிலை வேல்ஸ் நாட்டில் கும்பிரைத் ஊர் ரக்பி சங்கத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும். சிலைக்குரியவர் யெஸ்டின் ப்ரோபர்ட். ஆட்டத்தில் இரு அணியிலிருந்தும் எட்டெட்டுப் பேர் எதிரெதிரே முட்டித் தள்ளும்போது முன்வரிசையில் நடுவே தலையைக் கொடுப்பவர். அவருக்குக் கழுத்து இருந்ததற்குக் கல்யாணப் படம் ஒன்றுதான் சான்று.

ஆண்டுதோறும் ஆட்டங்கள் தொடங்குமுன் சங்க மருத்துவர் ப்ரோத்தரோ எல்லோருக்கும் 'மூளைத் தேர்வு' நடத்துவார். பத்துச் சொற்களைப் படிப்பார். திருப்பிச் சொல்ல வேண்டும். மதிப்பெண் கோப்பில் ஏறும். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி தேர்வு. கோப்பில் உள்ளதைவிடக் குறைந்தால் வீட்டுக்கு, குறையாவிட்டால் களத்துக்கு. என்ன துல்லியம்! அறிவியல் என்றால் இதுவல்லவா அறிவியல்!

அதை ஆட்டக்காரர்கள் இன்னும் ஒருபடி வளர்த்தார்கள். தொடக்கத்திலேயே மக்காகிவிடுவது.

இருபத்துநாலு வயதில், முதல் தேர்வுக்கு முந்தின நாள், யெஸ்டின் சமையலறையில் ஆட்டுக்கறிச் சூப்பைக் குடித்துக்கொண்டே மனைவி நெரிஸ் சொன்ன பத்துச் சொற்களையும் ஒப்பித்தார். தலைகீழாகவும் ஒப்பித்தார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட எத்தனை?"

"நாலு."

"பத்தும் தெரியுதுல்ல, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"உனக்கென்ன பைத்தியமா? பத்து சொன்னா அடிபட்டப்புறமும் பத்து சொல்லணும். மாக்சன் போன வருஷம் யோக்கியனா பத்து சொன்னான். ஒரே முட்டு. மூணு வாரம் வீட்ல. டீம்ல இடமே போச்சு."

"இடம் கிடக்கட்டும். நான் அனுப்பற தலை அப்படியே திரும்பி வரணும், அவ்வளவுதான்."

"இருநூறு ஆட்டம் முடியட்டும் நெரிஸ். நிறுத்திடறேன். அன்னிக்கு டாக்டர் முன்னாடி பத்தும் சொல்றேன். நீயே பக்கத்துல உக்காந்து கேளு."

கோப்பில் 'நான்கு' ஏறியது. அவர் புகழும் ஏறியது. ஒரு முழங்கால் நெற்றியில் இறங்கிய நாளில் ப்ரோத்தரோ குனிந்து கேட்டார்: "இப்ப எங்க ஆடறோம்?"

"மழையில."

"சரியான பதில்! சொல்லு பார்ப்போம், அந்தப் பத்தையும்."

மயக்கத்தில் யெஸ்டினுக்கு நடிக்க மறந்துவிட்டது. ஐந்து சொல்லிவிட்டார். சங்கத் தலைவர் ஹாப்கின் அன்று மாலை பீர்க் கோப்பையோடு மேசைமேல் ஏறி, "முன்னாடி நாலு, பின்னாடி அஞ்சு! நம்ம பையனுக்கு அடி நல்லா ஒத்துக்குதுய்யா!" என்று அறிவித்தார். சங்க மடலில் அது 'வளர்ச்சி' என்று வெளியானது.

வளர்ச்சி தொடர்ந்தது. கடைக்குக் காரில் போய் நடந்து வந்தார். மகள் மாலியை நாயின் பெயரால் கூப்பிட்டார். நாய் வாலாட்டிக்கொண்டு வந்தது. மாலி விழுந்து விழுந்து சிரித்தாள். நெரிஸ் கார்ச் சாவியை எடுத்து ஒளித்து வைத்தாள்.

பதினோராம் ஆண்டில் இருநூறாவது ஆட்டம் முடிந்தது. ஊரே பாடியது. திங்கட்கிழமை காலை, சொன்ன சொல் தவறாமல், யெஸ்டின் டை கட்டிக்கொண்டு மருத்துவர் அறையில் உட்கார்ந்தார். பக்கத்தில் நெரிஸ். ப்ரோத்தரோ பத்தையும் நிதானமாகப் படித்தார்.

"ஏணி," என்றார் யெஸ்டின். "தேன். குதிரை..." வெகுநேரம் கூரையைப் பார்த்தார். "கம்பளி."

"போதும்ப்பா உன் நடிப்பு," என்று நெரிஸ் சிரித்தாள். "ஆட்டம்தான் முடிஞ்சுதே. மீதியச் சொல்லு."

யெஸ்டின் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் நடிக்கல நெரிஸ்."

ப்ரோத்தரோவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அன்னிக்கும் நாலு, இன்னிக்கும் நாலு! பதினோரு வருஷத்துல ஒரு மார்க் குறையல!" ஒரு படிவத்தை முத்திரை குத்தி நெரிஸிடம் நீட்டினார். 'சங்கத்தில் சேர்ந்த அன்று பெறப்பட்ட மூளை, சேதாரம் ஏதுமின்றித் திருப்பி ஒப்படைக்கப்பட்டது.'

"இங்க ஒரு கையெழுத்து போடும்மா."

நெரிஸ் பேனாவைத் தொடவில்லை. "வீட்ல பத்தும் சொன்ன மனுஷன் டாக்டர். மீதி ஆறு சொல் எங்க?"

மருத்துவர் கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பொறுப்பாகத்தான் தேடினார்.

"அதை நீங்க எங்ககிட்ட கொடுக்கவே இல்லையேம்மா," என்றார்.