கொக்கி தெரிந்தே கட்டினார்

கட்டட அனுமதிப் பிரிவில் பணிக்காலம் முழுவதும் விதிமீறல்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். ஆனால் விதிப்புத்தகத்தில் உள்ள அத்தனை மீறல்களையும் ஒரே கட்டடத்தில் அடக்கிக் காட்டிய மேதை இந்த உலகத்தில் ஒருவர்தான். எண்ணூர் கொக்கி.

துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கயிறும் கம்பியும் போட்டு இறுக்கிக் கட்டும் வேலை பார்த்தவர். அவருடைய இயற்பெயர் ரேஷன் அட்டைக்கு மட்டும் தெரியும். ஆணி என்றாலே ஆகாது. "ஆணி துருப்புடிச்சி பூடும் சார். கட்டு நிக்கும்" என்பார். அவர் வீட்டில் கட்டில் கால் முதல் டிவி வரை எல்லாம் கயிற்றில்தான் நின்றன.

ஓய்வுபெற்றதும் முகத்துவாரக்குப்பத்துக்குப் பக்கத்தில், மனைவி வழியில் வந்த கால் ஏக்கர் உப்புமண்ணில் கீரையும் வாத்தும் வளர்த்தார். அதோடு விட்டிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்துச் சொல்லித்தர ஒரு கூடம் வேண்டும் என்றார்.

"நம்ம ஏரியான்னா பொகையும் சாம்பலுந்தான்னு அதுங்களே நெனச்சிகினு கீதுங்க சார். கீரையும் வரும்னு கண்ணால பாக்கட்டும்."

கப்பல் கழித்துப் போட்ட இரண்டு கன்டெய்னர்கள். அடியில் அனல்மின் நிலையச் சாம்பலில் வார்த்த கல்லால் ஒரு மேடை. மேலே ஒரு முழம் இடைவெளிவிட்டுத் தென்னங்கீற்றுக் கூரை. சூடு தகரத்தில் இறங்காமல் காற்றோடு போய்விடும். கூரைத் தண்ணீர் விழ ஒரு தொட்டி. வரைபடம் எங்கே என்று கேட்டேன். தரையில் சாக்பீஸால் கிழித்திருந்த இரண்டு கோடுகளைக் காட்டினார்.

கிரேன் வந்த அன்று கொக்கி கை காட்டக் காட்ட, இரண்டு பெட்டிகளும் நீளவாக்கில், முனையோடு முனை விரல் நுழையாமல் ஒட்டி உட்கார்ந்தன. கிரேன் போயிற்று. அவர் இடுப்பில் கைவைத்து ரசித்துக்கொண்டிருந்தபோது, மீன் கூடையோடு போன ஓர் அம்மாள் நின்று பார்த்தாள்.

"இன்னா மாமு, கதவு எங்க?"

அப்போதுதான் நாங்களும் தேடினோம். திருடன் திறக்காமல் இருக்க, பெட்டிகளைக் கதவோடு கதவு முட்டி வைப்பது துறைமுகத்து வழக்கம். கைப்பழக்கத்தில் அதையே செய்திருந்தார்.

"திருடன் உள்ள பூர முடியாது" என்றார், முகம் மாறாமல்.

"வாத்தியாருந்தான் பூர முடியாது" என்று அவள் போய்விட்டாள்.

கிரேனைத் திரும்பக் கூப்பிடலாம் என்றேன். "வெச்சது வெச்சதுதான்" என்றார். கடல் பக்கத்துச் சுவரை நீளமாக வெட்டினார். எதிர்ச் சுவரையும் வெட்டினார். வெட்டிய தகரங்களைக் கயிற்றால் தூக்கிக் கட்டி நிழலாக்கினார். மதியம் கடற்காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறியது. சித்திரை வெயிலில், முட்டை வெந்துவிடக்கூடிய தகரப் பெட்டிக்குள், முப்பது பிள்ளைகள் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்து கீரை விதை புடைத்தார்கள்.

பிறகு நோட்டீஸ் வந்தது. அனுமதியற்ற கட்டடம். பதினைந்து நாளில் தகுந்த விளக்கம் வராவிட்டால் அகற்றப்படும்.

நான் பேனாவை எடுத்தேன். இதற்கென்றே ஒரு வாக்கியம் உண்டு: 'விதிகளை அறியாமல் கட்டிவிட்டேன், பொறுத்தருள வேண்டும்.' இதில் கையெழுத்துப் போட்டால் கோப்பு முறைப்படுத்தலுக்கு நகரும். எத்தனையோ கோடீஸ்வரர்களைக்கூட அறியாதவர்களாக்கிக் காப்பாற்றியிருக்கிறேன்.

கொக்கி படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். "நான் எப்ப சார் அறியாம கட்னேன்? காத்து எங்கேந்து வருது, வெயிலு எங்க அடிக்கும், எல்லாம் தெரிஞ்சிதான் கட்னேன்."

"இது சும்மா ஒரு வார்த்தை, கொக்கி."

"அந்தப் பசங்க கைல இன்னா சொல்றது? ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்த ஆளுக்கு ஒண்ணியும் தெரியாதுன்னு சொல்றதா?"

"இடிச்சிடுவாங்க."

"இடிக்கட்டும். மறுக்காவும் தெரிஞ்சே கட்றேன்."

வாழ்க்கையில் முதல் முறையாக மாதிரிப் படிவத்தை மீறி எழுதினேன்: 'தெரிந்தே கட்டினேன். கதவுகளைப் பொறுத்தமட்டில்தான் அறியாமை.' கொக்கி அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணையில் இளம் அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். "தெரிஞ்சே கட்டினேன்னா எந்தப் பிரிவுல போடறது சார்? படிவத்துல அதுக்குக் கட்டமே இல்லையே."

"தெளிவுரை கேட்டு மேலே அனுப்பிடுங்க தம்பி" என்றேன் பணிவாக.

அனுப்பிவிட்டார். தெளிவுரை வரும்வரை ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது. தெளிவுரைக்குப் போய்த் திரும்பிவந்த கோப்பை நான் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

கூடம் நிற்கிறது. நாளைக்கு யாராவது ஆய்வுக்கு வந்தால் காட்டுவதற்காக ஒரு வருகைப் பதிவேட்டை நான்தான் தொடங்கிவைத்தேன். சனிக்கிழமைதோறும் போய்ப் பிள்ளைகளோடு விதை புடைக்கிறேன். கையெழுத்துப் போடப் போனால் மட்டும் கொக்கி பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறார்.

"அது வர்றவங்களுக்கு மாமு. நீ எங்க வந்த? இங்கதானே கீற."

நடைமுறைப்படி அது தவறு. நான் ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கவில்லை.