எனக்கு மெயில் அனுப்பாதீர்கள்

"குடை காணோம்னு ஒரு மெயில். குடை கிடைச்சிடுச்சுன்னு ஒரு மெயில். கிடைச்சதுக்குச் சந்தோஷம்னு ஆபீஸே சேர்ந்து அனுப்பின மெயில். இதுக்கு நடுவுல உங்க மெயிலை நான் எங்க சார் தேடுவேன்?"

பெரியக்கா மேனேஜரின் மேசைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் உதிரிபாகப் பிரிவு அவள் கையில் இருந்தது. எல்லாருக்கும் அவள் பெரியக்காதான்.

"என் மாமியார் வீட்டு லிஃப்டுக்கு மோட்டார் அனுப்பச் சொல்லியிருந்தேன்மா. நீங்க மெயிலைப் பார்க்கல. அவங்க ஒன்பது மாடி ஏறினாங்க. ஒவ்வொரு மாடியிலயும் நின்னு எனக்குப் போன் பண்ணினாங்க."

பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை தவறவிட்டீங்கன்னா பிரிவுத் தலைவர் பதவியை மறந்துடுங்க. வெள்ளிக்கிழமை அறிவிக்கப் போறேன்."

அந்தப் பதவிக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் கிரீஸ் வாசனையோடு வீட்டுக்குப் போனாள். விட்டுவிட முடியுமா?

"மேனேஜர் பேர் இருக்கிற மெயிலெல்லாம் சிவப்பா வர்ற மாதிரி வச்சுடு. கண்ணுல பளிச்சுனு படும்" என்றார் வீட்டுக்காரர், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

வைத்தாள். மறுநாள் காலை மெயில் பெட்டியைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. யார் யாருக்கு மெயில் போட்டாலும் மேனேஜருக்கு ஒரு நகல் போடுவது அந்த ஆபீஸில் பிறவிக் குணம். குடைக்காரி, தன் குடை எந்த நிறம் என்று எழுதியதிலும் நகல் போட்டிருந்தாள்.

பெரியக்கா விடவில்லை. உண்மையிலேயே தலைபோகிற விஷயமானால் மட்டும் தலைப்பில் 'அவசரம்' என்று போடுங்கள், எனக்கு மணி அடிக்கும் என்று எல்லாருக்கும் எழுதினாள். அன்று மத்தியானத்துக்குள், 'அவசரம்' போட்டால்தான் அக்கா பதில் போடுகிறாள் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. மணி ஓயாமல் அடித்தது. 'அவசரம்: டீ ஆறுகிறது.' 'அவசரம்: முந்தைய அவசரத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.' 'அவசரம்: குடை மறுபடியும் காணோம்.'

பக்கத்து மேசைக் கணக்காளர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, "அக்கா, கோயில் கட்டிட்டீங்க. சாமியை எப்ப வைக்கப் போறீங்க?" என்றார்.

"உங்களைத்தான் தூக்கி வைக்கப் போறேன்!"

அந்தக் கோபத்திலேயே, மேனேஜரின் பெயரில் நேராக வருவதைத் தவிர மற்ற எல்லாம் கண்காணாத ஒரு மூலைக்குப் போகும்படி மாற்றினாள். பெட்டி துடைத்து வைத்தாற்போல் ஆனது. ஒரு நாள் முழுக்க நிம்மதி. அன்றைக்கென்று மேனேஜரின் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண, அவர் உதவியாளரின் கம்ப்யூட்டரிலிருந்து, உதவியாளரின் பெயரிலேயே மெயில் அனுப்பித் தொலைத்தார். அதுவும் மூலைக்குப் போயிற்று. முன்பு போன மோட்டார் பொருந்தவில்லை, வேறு அனுப்புங்கள் என்ற மெயில் அது. மாமியார் மறுபடியும் ஏறினார்.

"முடிஞ்சு போச்சு" என்றாள் பெரியக்கா, அன்று வீட்டில்.

"நாளைக்குக் காலையில போய் ஒரு மன்னிப்பு கேட்டுடேன். குறைஞ்சா போயிடுவே?"

"எதுக்குக் கேட்கணும்? வேலை செய்யாததுக்கா? வேலை செய்ய விடாததுக்கு அவங்கதான் என்கிட்ட கேட்கணும்!"

வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் ஆபீஸுக்கு வந்தாள். சிவப்பு, மணி, மூலை எல்லாவற்றையும் அழித்தாள். பிறகு ஆபீஸ் முழுவதற்கும், மேனேஜர் பெயரை முதலில் போட்டு, எழுதினாள்:

'இனி எனக்கு யாரும் மெயில் அனுப்பாதீர்கள். அனுப்பினால் படிக்க மாட்டேன். முக்கியமான விஷயமென்றால் எழுந்து என் மேசைக்கு வாருங்கள். கால் எல்லாருக்கும் இருக்கிறது. மேனேஜருக்கும் இருக்கிறது. மாமியார் ஒன்பது மாடி ஏறும்போது மருமகன் ஒரு மாடி இறங்கினால் தேய்ந்துவிட மாட்டார். இதற்காகப் பதவி போகுமென்றால் போகட்டும். அவரே அதில் உட்கார்ந்துகொள்ளட்டும்.'

அனுப்பிவிட்டாள். நெஞ்சு லேசாகிவிட்டது.

ஒரு மெயிலும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கணக்காளர் எழுந்து வந்தார். "அக்கா, ஒரு கேபிள் விஷயம். நேர்லயே சொல்லிடலாம்னு..."

"சொல்லுங்க."

அடுத்து மெக்கானிக்குகள் வந்தார்கள். வந்து, கேட்டு, வாங்கிக்கொண்டு போனார்கள். பல நாளாகத் தேங்கிக் கிடந்த வேலையெல்லாம் மத்தியானத்துக்குள் முடிந்தது. மாமியார் வீட்டு மோட்டாரும் வண்டியேறியது. குடையைப் பற்றிச் சொல்ல மட்டும் யாரும் நடந்து வரவில்லை.

சாயங்காலம் மேனேஜரே மூச்சு வாங்க மாடியிறங்கி வந்தார். பெரியக்கா எழுந்து நின்றாள். போகட்டும், நிமிர்ந்தே போவோம்.

"நேர்ல வந்து சொல்லணும்னு ஆயிடுச்சு" என்றார் அவர். "ஆபீஸ் மொத்தமும் இன்னைக்குத் திருதிருன்னு முழிக்குது. உங்க பிரிவுல மட்டும்தான் வேலை ஓடுது. பிரிவுத் தலைவர் நீங்கதாம்மா."

பெரியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் குரல் இறங்கவில்லை. "காலையில சொன்னதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன் சார்."

"எதையும் மாத்த வேண்டாம். இப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் படியேறினார்.

அவள் உடனே வீட்டுக்காரரைப் போனில் பிடித்தாள். "மன்னிப்பு கேட்கச் சொன்னீங்களே! எதிர்த்து நின்னேன், எழுதியே அனுப்பினேன், அந்த மனுஷன் இறங்கி வந்துட்டாரு!"

அப்போது உள்ளறையிலிருந்து கம்ப்யூட்டர்காரர், தலையெல்லாம் தூசியோடு, வயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"பெரியக்கா, ராத்திரியே மெயில் மெஷின் படுத்துடுச்சு, இன்னைக்கு யாரோடதும் யாருக்கும் போகல. இப்பதான் எழுப்பிவிட்டேன். வரிசையில முதல் ஆளா நின்னது உங்களோடதுதான், அதுதான் முதல்ல மேனேஜருக்குப் போயிருக்கு!"