டாட்டா அண்ணாச்சியின் மஞ்சள் சேலை

மலையேறுகிறவர்கள் எல்லோரும் உச்சியைப் பார்க்க ஏறுகிறார்கள். டாட்டா காட்டுவதற்காகவே மலையேறிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் தி. நகர் அண்ணாச்சிதான். அந்த ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலையில் நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நாங்கள் மூன்று பேர் மலையேறினோம்.
2. உச்சியில் மஞ்சள் சேலை ஒன்றை விரித்தோம்.
3. தவறான விமானத்தை வழியனுப்பினோம்.
4. சேலை பறிமுதல் செய்யப்பட்டது.
5. சரியான விமானம் அதற்குப் பிறகுதான் கிளம்பியது.

இனி விளக்கம். அண்ணாச்சிக்கு எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சேலைக் கடை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரு முனையைப் பிடித்து ஒரே உதறு உதறினால் முந்தானை நேராக வாடிக்கையாளர் மடியில் போய் விழும். அவருடைய மகள் செல்விக்கு சிங்கப்பூரில் வேலை. போன முறை அவள் கிளம்பியபோது, டிக்கெட் இல்லாதவர்கள் எல்லோரையும் போல அவரும் விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டார்.

“உள்ள போயி திரும்பிப் பாத்தா பிள்ள. நான் கூட்டத்துக்குப் பின்னால நிக்கேன். தேடிக்கிட்டே போனா. அவ கண்ணுல நான் படவே இல்ல” என்றார் என்னிடம்.

ஆறு மாதமாக அந்தக் குறை அவரை அரித்திருக்கிறது. இந்த முறை மகள் கண்ணில் பட்டே தீருவது என்று முடிவெடுத்தார். பரங்கிமலை உச்சியில் நின்றால் ஓடுபாதை தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். விமானங்களைக் காட்டும் செயலி என் போனில் இருந்ததால் நான் தொழில்நுட்ப அதிகாரி ஆனேன்.

சேலை தேர்வுக்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் போனது. “பச்சை மரத்தோட மரமாப் போயிரும். நீலம் வானத்தோட போயிரும். மஞ்சள்தான். அதுலயும் பாலியெஸ்டர்தான் மின்னும். செல்விகிட்டயும் மஞ்சள்னு சொல்லிருதேன்.”

“அண்ணாச்சி, அவ்வளவு உயரத்துல இருந்து கட்டடமே தீப்பெட்டி மாதிரிதான் தெரியும்.”

“தீப்பெட்டி மின்னாதுல்லா?”

பரங்கிமலை, பேச்சுக்குத்தான் மலை. மரநிழலில் படியேறினால், பேசி முடிப்பதற்குள் உச்சி வந்துவிடும். அண்ணாச்சி தடிமனான கயிறு, டார்ச் லைட், புளியோதரை சகிதம் வந்திருந்தார்.

“கயிறு எதுக்கு அண்ணாச்சி?”

“மலைக்குல்லா போறோம்!”

கார் போகப் பாதை இருக்கிறது என்றேன். “வழியனுப்பப் போனா கொஞ்சம் வேர்க்கணும் பிள்ள” என்றார். எங்களைத் தாண்டி ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு சிரித்துக்கொண்டே ஏறிப்போனது. அண்ணாச்சியின் மனைவி, நான் ஆச்சி என்று கூப்பிடுகிறவர், ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, “கயித்த இவுக இடுப்புல கட்டி என்னய இழுக்கச் சொல்லு” என்றார்.

மேலே காற்று அள்ளிக்கொண்டு போனது. ஒருபுறம் கிண்டிக் காடு, அதற்கப்பால் கோடு போட்டது போலக் கடல். மறுபுறம், இஸ்திரி போட்ட சேலைக் கரை போல ஓடுபாதை. நான் போனைப் பார்ப்பதற்குள் ஒரு விமானம் இரைந்தது.

“வந்துட்டு! வந்துட்டு!” அண்ணாச்சி உதறினார். முழுச் சேலையும் காற்றில் எழுந்து நின்றது. ஆச்சி ஓவென்று அழுதார். “செல்வி, நேரத்துக்குச் சாப்பிடுட்டீ!”

“அண்ணாச்சி, இது அந்தமான் போற ஃப்ளைட்டு.”

ஆச்சி அழுகையைப் பாதியில் நிறுத்தினார். “அப்ப நான் அழுதது?”

“அந்தமான் கணக்குல எழுதிரு. அதுலயும் யாரு வீட்டுப் பிள்ளையோதான போவுது.”

அதற்குள் உச்சியிலிருந்த தேவாலயத்தின் காவலாளி வந்துவிட்டார். “இன்னா நைனா, உங்க வூட்ல மொட்டமாடி இல்லியா? துணி காயப்போட மலைக்கா வருவாங்க?”

“காயப் போடலய்யா. ப்ளேனுக்கு டாட்டா காட்டுதோம்.”

“பைலட்டு இத்த பாத்துக்கினே போய் எங்கியாவது இட்ச்சிட்டா யாரு பதில் சொல்றது? கொண்டா இங்க. எறங்கச்சொல்ல வாங்கிக்க.”

சேலை சுருட்டப்பட்டு அவர் அக்குளுக்குள் போனது. அடுத்த நிமிடம் சிங்கப்பூர் விமானம் ஓடத் தொடங்கியது. அண்ணாச்சி காவலாளியின் அக்குளைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார். சுவரோரம் ஓடி, வெறும் கைகள் இரண்டையும் தூக்கி ஆட்டினார். விமானம் புள்ளியாகி மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார். சேலையை இடுக்கியபடியே காவலாளியும் ஒரு கையைத் தூக்கினார்.

அன்று மாலை கடையில் இருந்தபோது செல்வியின் செய்தி வந்தது. மூக்குக்கண்ணாடி இல்லாததால் அண்ணாச்சி என்னைப் படிக்கச் சொன்னார். “அப்பா, பாத்துட்டேன். மஞ்சள் சேலை பளபளன்னு தெரிஞ்சுது.”

ஆச்சி வாயைத் திறந்தார். அண்ணாச்சி ஒரு பார்வை பார்த்தார். ஆச்சி மூடிக்கொண்டார்.

“இன்னொரு மட்டம் படி பிள்ள.”

படித்தேன்.

“மஞ்சள்னா மஞ்சள்தான். நான் அப்பவே சொன்னேன்லா?” என்று, இறங்கும்போது திரும்ப வாங்கிவந்த சேலையை மடித்து அலமாரியில் வைத்தார்.

அதன்பிறகு எங்கள் தெருவில் யார் விமானம் ஏறினாலும் அண்ணாச்சி மலையேறினார். டாட்டா அண்ணாச்சி என்ற பெயரும் நிலைத்தது. காவலாளிக்கும் புளியோதரையில் பங்கு வந்ததால், பறிமுதல் நின்றது. ஒன்றுதான் மாறியது. என்ன நிறச் சேலை என்று அண்ணாச்சி முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆள் இறங்கியதும் ஒரே ஒரு கேள்வி போகும்: “என்ன கலரு?” இதுவரை யாரும் தேறவில்லை.

போன மாதம் வேலை மாறி நான் புனேவுக்குக் கிளம்பினேன். ஜன்னல் சீட். கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தேன். இறக்கை தெரிந்தது. மேகம் தெரிந்தது. இறங்கி போனை உயிர்ப்பித்தால், கேள்வி காத்திருந்தது.

மஞ்சள் என்று அடித்தேன். அழித்தேன். “தெரியல அண்ணாச்சி” என்று அனுப்பினேன்.

குரல் செய்தி வந்தது. பின்னால் காற்று இரைந்தது. இன்னும் மலையிலேயே இருந்திருக்கிறார். “அதனால என்ன பிள்ள. நான் உன்னப் பாத்துட்டேன்லா.”

இப்போது நான் புனேவில் இருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்புவதற்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஜன்னல் சீட்தான்.