மலைப்பூரில் 'ஐயோ' தீர்ந்துபோன கதை

"மலைப்பூர் மாநகரத்துப் பெருமக்களே! மேகத்தைத் தலைப்பாகையாகச் சுற்றியவரும், இடியைக் கொட்டாவியாக விடுபவரும், நேற்றுப் போலவே இன்றும் கடவுளாக இருப்பவருமான விண்முட்டியார் திருவாய் மலர்ந்தருளிய மிக மிக முக்கியமான அறிவிப்பு! இன்று பொழுது சாய்ந்ததும் செவ்வாய்க்கிழமை செல்லாது. கைவசம் செவ்வாய்க்கிழமை வைத்திருப்பவர்கள் அரண்மனை வாசலில் வரிசையில் நின்று அதை ஒப்படைத்துவிட்டு, இருப்பைப் பொறுத்து வேறு கிழமை வாங்கிக்கொள்ளலாம்."

அரசாங்க அறிவிப்பாளன் சேந்தன் வாசித்து முடித்தான். மைதானத்தில் கூடியிருந்தவர்களில் செவ்வாய்ச் சந்தையில் காய் விற்பவர்கள், செவ்வாய்தோறும் விரதம் இருப்பவர்கள், அந்தக் கிழமையில் பிறந்து தொலைத்தவர்கள் எல்லாரும் நெஞ்சில் கை வைத்து ஒரே குரலில் அலறினார்கள்.

"ஐயோ!"

சேந்தனுக்குப் பக்கத்தில் இருந்த கணுக்கால் ஒரு முழம் உயர்ந்தது.

கணுக்கால் விண்முட்டியாருடையது. அவருடைய மற்ற பாகங்களை மலைப்பூரில் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. முழங்காலுக்கு மேலே பருந்துகள் பறந்தன, இடுப்புக்கு மேலே மழைமேகம். அவர் விரலைச் சுண்டினால் மின்னல் விழும். கோபப்பட்டுக் காலை உதைத்தால் ஒரு தெரு இருந்த இடத்தில் குளம் இருக்கும். அவர் பிறக்கவில்லை, தோன்றினார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்.

உண்மையில் அவர் சந்தையில் கத்தி விழுங்கி வித்தை காட்டிக்கொண்டிருந்த ஓர் ஒல்லிப்பிச்சான். ஒருநாள் கத்தி தொண்டைக்குள் இறங்கியபோது கூடி நின்றவர்கள் "ஐயோ!" என்று பதற, ஆள் ஒரு விரல்கடை வளர்ந்துவிட்டார். அடுத்த தடவை இரண்டு கத்தி. கத்தி போதாமல் போனபோது அரசியலுக்கு வந்தார்.

இந்த ரகசியம் விண்முட்டியாருக்கும் அவருடைய அமைச்சருக்கும் சேந்தனுக்கும் மட்டும்தான் தெரியும். தினமும் கணுக்காலுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிறவனுக்கு அது எப்போது உயர்கிறது என்று தெரியாதா? மேளத்துக்கு உயரவில்லை. பூஜைக்கும் வாழ்க கோஷத்துக்கும் அசையவே இல்லை. 'ஐயோ'வுக்குத்தான் உயர்ந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சேந்தன் அப்பாவியாக இதை அவரிடமே சொல்லியும்விட்டான். மேகத்துக்குள்ளிருந்து பதில் வந்தது: "வெளியே மூச்சு விட்டே, நாக்கு இருக்காது."

நாக்குதான் சேந்தனின் சோறு. அவன் மூச்சு விடவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு தேர்தல் வந்தது. முடிவு முதலில் அறிவிக்கப்பட்டது, வாக்குப்பதிவு பின்னால் நடக்கும் என்றார்கள். "ஐயோ, அப்போ நாங்க எதுக்கு?" என்று ஜனங்கள் கேட்டதற்கு, வளர்ச்சித்துறை அமைச்சர் திருமேனிநாதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வரிசையில் நிற்பதற்கு. மக்கள் இல்லாமல் வரிசை ஏது? வரிசை இல்லாமல் ஜனநாயகம் ஏது?" என்றார். கணுக்கால் இன்னொரு முழம் உயர்ந்தது.

இதற்குள் விண்முட்டியாரின் நிழல் ஊரைத் தாண்டி வயலில் விழ ஆரம்பித்திருந்தது. வெயில் படாமல் நெல் பதராகப் போயிற்று. உடனே ஓர் ஆணை பிறந்தது: வெயிலிலிருந்து விவசாயிகளைக் காத்தருளிய கடவுளுக்கு ஊர் கூடி நன்றி விழா எடுக்க வேண்டும். விழாவுக்கு இடம் போதவில்லை என்று கடவுள் சற்று நகர்ந்து நின்றார். அப்படி நகர்ந்ததில் கீரை விற்கும் பேச்சியக்காவின் குடிசை அவருடைய இடது கால் கட்டைவிரலுக்கு அடியில் போயிற்று. அவள் தலையில் அடித்துக்கொண்டு போட்ட 'ஐயோ' மட்டுமே அரை முழம் தேறும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த அழுகை ஆணை வரும்வரை.

"இனி மலைப்பூரில் பிறக்கும் குழந்தைகள் பிறந்தவுடன் அழக் கூடாது. அழுகை அரசுடைமை ஆக்கப்படுகிறது!"

சேந்தன் வாசித்துவிட்டு வழக்கம்போல் காதைப் பொத்திக்கொண்டான். ஒன்றும் கேட்கவில்லை. கையை எடுத்துப் பார்த்தான். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசையில் சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒருவர், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"சரி. அப்புறம்?"

சேந்தன் திரும்பிப் பார்த்தான். கணுக்கால் ஒரு சாண் இறங்கியிருந்தது.

மறுநாள் விண்முட்டியார் குனிந்து ஊர் ஏரியை ஒரே மடக்கில் குடித்துக் காட்டினார். ஜனங்கள் காலிக்குடத்தோடு கரையில் நின்று பார்த்தார்கள். "போன மாசம் ஆத்தையே குடிச்சாரே. இது ஏரிதானே. அப்புறம்?" என்றார்கள். மலையைத் தூக்கி பக்கத்து நாட்டின் மேல் போட்டார். "அப்புறம்?" சூரியனை ஊதி அணைத்துவிடுவேன் என்று மிரட்டினார். "அணைச்சாக் கொஞ்சம் தூங்கலாம்" என்றாள் ஒருத்தி.

ஒவ்வொரு 'அப்புறம்?' கேள்விக்கும் கடவுள் ஒரு படி கீழே வந்தார். இடுப்பு மேகத்துக்கு வெளியே வந்தது, பிறகு தோள். கடைசியில் முகமே தெரிந்தது. இவ்வளவு நாள் யாருக்குக் கும்பிடு போட்டோம் என்று அன்றுதான் ஊர் பார்த்தது. விரலைச் சுண்டினால் மின்னலுக்குப் பதில் ஒரு பொறி மட்டும் பறந்தது. காவல்காரன் அதில் பீடி பற்றவைத்துக்கொண்டதாகக்கூட ஒரு பேச்சு.

திருமேனிநாதர் ஊர் மக்களைக் கூட்டி விளக்கம் தந்தார். "கடவுள் குறைந்துவிட்டார் என்று சில விஷமிகள் பரப்புகிறார்கள். அவர் அப்படியேதான் இருக்கிறார். நாடு வளர்ந்துவிட்டது! பக்கத்தில் நிற்பது வளர்ந்தால் இது சின்னதாகத்தானே தெரியும்?"

"அப்புறம்?" என்றது கூட்டம். கோபுர உயரத்தில் இருந்தவர் தென்னைமர உயரத்துக்கு வந்தார்.

அன்று அரண்மனையில் அவசர ஆலோசனை நடந்தது. விண்முட்டியார் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். இதற்குமுன் அவர் உட்காரும் அளவுக்கு நாற்காலி செய்ய மரம் போதவில்லை.

"யோவ், இந்த ஜனத்துக்கு என்னதான்யா ஆச்சு? நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்றார் கடவுள், கத்தி விழுங்கிய காலத்துக் குரலில்.

திருமேனிநாதர் உடம்பை வளைத்துச் சொன்னார்: "பிரபோ, ஊர்பேர் தெரியாதவனை மிதித்து மிதித்துப் பழகிவிட்டது. தினமும் பார்க்கும் முகமாக ஒன்றை மிதித்தால் ஊர் பதறும்."

"தினமும் பாக்கற முகம்னா?"

அமைச்சர் சேந்தனைப் பார்த்துக் கனிவோடு புன்னகைத்தார்.

"நானா? ஐயா, நான் உங்க ஆளுங்க!" என்றான் சேந்தன்.

"அதனால்தானப்பா. எவ்வளவு பெரிய கௌரவம்! உன் ஆணையை நீயே வாசிக்கலாம். வேறு யாருக்குக் கிடைக்கும்?"

சேந்தன் கால் போன போக்கில் வீட்டுக்கு வந்தான். வழியெல்லாம் ஒரே குழப்பம். ஊர் 'ஐயோ' என்றால் அந்தக் கால் மலையாகும், அவன் சட்னியாவான். ஊர் பதறவில்லை என்றால் பிழைத்துக்கொள்ளலாம். பதறக் கூடாது என்று அவன் வேண்டிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இத்தனை வருஷம் குரல் கொடுத்தவனுக்காக ஒரு ஜீவன்கூடப் பதறாதா என்று நினைத்தால் அதுவும் பொறுக்கவில்லை.

மனைவி வஞ்சி அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வஞ்சி, நாளைக்கு என்னை மிதிக்கப் போறாங்க."

"எப்போ? காலையிலயா, மத்தியானமா?"

"காலையில."

"சாப்பிட்டுட்டுப் போவீங்களா, வந்து சாப்பிடுவீங்களா?"

"வர முடியாதுடி! மிதிச்சா எப்படி வர்றது?"

வஞ்சி நறுக்குவதை நிறுத்தி யோசித்தாள். "அப்போ அரிசி ஒரு ஆழாக்கு குறைச்சுப் போட்டுடறேன்" என்றாள்.

சேந்தனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏரி வற்றியபோது, நெல் பதரானபோது, பேச்சியக்கா குடிசை போனபோது, தான் உரக்க வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கியது அவனுக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததே தவிர, அதைப் பற்றி அதிகம் யோசிக்கும் நிலையில் அவன் இல்லை.

மறுநாள் மைதானத்தில் அவனை ஒரு பாறையின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். படுத்தபடியே வாசித்தான். "மிக மிக முக்கியமான அறிவிப்பு! அறிவிப்பாளன் சேந்தன், எந்தக் குற்றமும் செய்யாத காரணத்தால், இப்போது மிதிக்கப்படுவான்!"

அவன் முகத்துக்கு நேரே கால் எழுந்தது. என்னதான் குறைந்திருந்தாலும் ஒரு மாட்டுக்கொட்டகைக் கூரை அளவுக்கு இருந்தது. சேந்தன் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் அவனைப் பார்த்தது. வஞ்சியும் முன்வரிசையில் நின்று பார்த்தாள்.

சுண்டல்காரர் கொட்டாவி விட்டார். "அப்புறம்?"

"அப்புறம்? அப்புறம்?" என்றது ஊர் முழுவதும்.

கூரை அளவு இருந்த கால், கட்டில் அளவானது. கட்டில் முறமானது. முறம் சேந்தனின் நெஞ்சைத் தொட்டபோது சாதாரண மனுஷக் காலாக இருந்தது. உள்ளங்காலில் ஆணி வேறு. யானைக் கொட்டடி அளவு கிரீடம் மேலிருந்து நழுவி, அவரைச் சுற்றி வேலிபோல் விழுந்தது. ஏக்கர் கணக்கில் கிடந்த பட்டுத்துணிக்குள்ளிருந்து ஓர் ஒல்லிப்பிச்சான் தலையை நீட்டி விழித்தான். விரலைச் சுண்டிப் பார்த்தான். சத்தம்கூட வரவில்லை, விரலில் வேர்வை.

இடியைக் கொட்டாவியாக விட்டவர் முடிந்துபோனார். வாளில்லை, வேள்வியில்லை, வானத்திலிருந்து வீரன் எவனும் இறங்கி வரவில்லை. ஊருக்கு அலுத்துப்போனது, அவ்வளவுதான். காவலாளிகள் ஈட்டியைக் கீழே போட்டார்கள். திருமேனிநாதர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்.

சேந்தன் எழுந்து உட்கார்ந்தான். பிழைத்துவிட்டோம் என்று அவனுக்கு அழுகை வந்தது. அப்போதுதான் பேச்சியக்கா கீரைக்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பட்டுத்துணிக்குக் கிட்டே வந்து பார்த்தாள். குடிசையைக் கட்டைவிரலுக்குப் பறிகொடுத்த அதே பேச்சியக்கா.

"ஐயோ பாவம்! நெஞ்செலும்பு எண்ணிரலாம் போலிருக்கே. சாப்பிட்டானோ என்னவோ" என்றாள்.

ஒல்லிப்பிச்சான் ஒரு சாண் வளர்ந்தான்.

சேந்தன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, அதைச் சொல்லாதே!"

"ஏன்டா சொல்லக் கூடாது? குளிர்ல நடுங்கறான் பாரு. ஐயோ, யாராச்சும் ஒரு துண்டு குடுங்களேன்!"

இன்னொரு சாண். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு உதட்டைப் பிதுக்கினான். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. கூட்டத்தில் நாலைந்து பேர் உச்சுக்கொட்ட ஆரம்பித்தார்கள். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊரே போய்விடும் என்று சேந்தனுக்குப் புரிந்தது. பாறையின் மேல் ஏறி நின்றான். வாழ்நாளில் முதல்முறையாக, யாரும் எழுதித் தராத அறிவிப்பை உரக்கச் சொன்னான்.

"முட்டாள்களா! அந்த ஆளு கடவுளே இல்ல! சந்தையில கத்தி முழுங்கினவன்! நீங்க 'ஐயோ'ங்கறீங்களே, அதைத் தின்னுதான் இத்தனை நாளா வளர்ந்தான்! செவ்வாய்க்கிழமையைப் புடுங்கினது, ஏரியைக் குடிச்சது, எல்லாமே உங்களை அலற வைக்கத்தான்! உங்க வாயாலதான் உங்களை ஆண்டான்!"

சுண்டல்காரரின் கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்தது. வஞ்சி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள், ஆனால் கொஞ்சம் தாமதமாக. இத்தனை நாளும் உள்ளே தேங்கிக் கிடந்ததெல்லாம் திரண்டு வந்ததுபோல், ஊர் மொத்தமும் ஒரே குரலில் அலறியது.

"ஐயோ! அப்படியா!"

பட்டுத்துணி எழுந்தது. கிரீடம் எழுந்தது. பருந்துகள் பறந்த உயரம் போயிற்று, மேகம் போயிற்று, மேகத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று மலைப்பூர்க்காரர்கள் அறியாத உயரமெல்லாம் போயிற்று. அதைப் பார்த்து அவர்கள் மறுபடியும் "ஐயோ!" என்றார்கள். திருமேனிநாதர் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டார்.

சேந்தன் பாறையிலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்துவிட்டான். கால் இறங்கவில்லை. வெகு உயரத்திலிருந்து, தேன் தடவியதுபோல் ஒரு குரல் இறங்கி வந்தது.

"பிரமாதம்யா! இதை ஏன் இத்தனை நாளா சொல்லாம இருந்தே?"

அடுத்த வாரத்திலிருந்து சேந்தன் ஊர் ஊராகப் போய் விண்முட்டியாரின் ரகசியத்தை அம்பலப்படுத்தி வருகிறான்.

பயணப்படி தனி.