மாப்பிள்ளை உயிரோடு இருப்பது குறித்து

பொம்மிடி,
வைகாசி 3.

மதிப்பும் அன்பும் மிக்க சம்பந்தி நஞ்சப்பன் அவர்களுக்கு, கோவிந்தன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நான், மனைவி சென்னம்மாள், மகள் வெண்மதி, இரண்டு கறவை மாடுகள் அனைவரும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாள் ராணியம்மாளும் நலமா என்று கேட்க எனக்கு இப்போது வாய் இல்லை, இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டதால் கடிதமாக எழுத வேண்டியதாயிற்று. மூன்று நாளைக்கு முன் கல்யாணப் பத்திரிகைக் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருந்தீர்கள். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு கல்யாணத்தை நடத்துவதா நிறுத்துவதா என்பது தங்கள் விருப்பம்.

எல்லையில் சண்டை தொடங்கிய அன்று நம் மாப்பிள்ளை பூவரசன் எங்கே இருந்தார் என்பது இரு வீட்டாருக்கும் தெரியும். எல்லையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ராணுவச் சமையற்கூடத்தில் நானூறு பேருக்குப் பூரி பொரித்துக்கொண்டிருந்தார். நாட்டுக்கு அதுவும் தேவைதான். ஆனால் என் மனைவியின் தம்பி கதிரவனுக்கு அது போதவில்லை. அவர் முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். வரும் தேர்தலில் அந்த ‘முன்னாள்’ என்பதை எடுத்துவிடத் தீர்மானித்திருப்பவர். அன்று காலை அவர் உலகத் தலைவர்களின் பக்கங்களை எல்லாம் மூன்று மணி நேரம் செல்போனில் ஆராய்ந்து, போர்க்காலத்தில் தலைவர் என்பவர் சிரிக்கக் கூடாது, சவரம் செய்யக் கூடாது, சட்டையில் பொத்தான் இருக்கக் கூடாது, மேசைமேல் ஒரு வரைபடம் இருந்தே ஆக வேண்டும் என்று கண்டுபிடித்தார். பச்சை பனியன் வீட்டிலேயே இருந்தது. வரைபடம் என்று கிடைத்தது அரூர் தாலுகாவுடையது. அதன்மேல் விரலை ஊன்றி முறைத்தபடி படம் எடுத்துப் போட்டார். அந்தப் படத்தின்படி எதிரிப் படை தீர்த்தமலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. நானூற்றுப் பத்து பேர் லைக் போட்டார்கள். எந்த ஊர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் சுகுணா ஒரு வீடியோ போட்டார். சுகுணா முன்னாள் ஒன்றியக் குழுத் தலைவர், கதிரவனுக்கு எதிர்க்கட்சி. பொம்மிடி ரயில் நிலையத்தில் நின்று, போருக்குச் செல்லும் வீரர்களுக்குக் கண்ணீர் மல்கக் கையசைத்திருந்தார். அப்போது போனது சரக்கு ரயில். ஆனாலும் ஆறாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். கதிரவன் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்.

“மாமா, நம்ம வூட்லயே ஒரு மிலிட்டரிக்காரரு இருக்காரு. அந்தம்மா கூட்ஸ் வண்டிக்கு டாட்டா காட்டி லைக் வாங்குதுங்க!”

“டேய், அவரு பூரி போடறாருடா” என்றாள் சென்னம்மாள்.

“பூரிய யாரு கேட்டாக்கா? போட்டோவக் குடு.”

கல்யாண பேனருக்காகத் தயார் செய்திருந்த படத்தை வாங்கிக்கொண்டு போனார். உலகத் தலைவர்கள் எல்லாம் போர்க்காலத்தில் வண்ணத்தைத் துறந்துவிட்டார்கள் என்று அதைக் கறுப்பு வெள்ளை ஆக்கினார். பேனரில் சுற்றிலும் இருந்த சாமந்திப் பூவை எடுக்க மறந்துவிட்டார். ‘எதிரியை எதிர்கொள்ளும் எங்கள் வீட்டு மாப்பிள்ளை’ என்று கீழே எழுதத்தான் எழுதினார். ஆனால் நம் பக்கத்தில் ஒரு முகம் கறுப்பு வெள்ளையில், சுற்றிலும் பூவோடு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கீழே இருப்பதை யாரும் படிப்பதில்லை. கால் மணி நேரத்தில் சுகுணா இரங்கல் தெரிவித்துவிட்டார். ‘குடும்பத்தாரிடம் தொலைபேசியில் ஆறுதல் கூறினேன்’ என்று அதில் இருந்தது. என் போனை எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. தொடர்ந்து நான்கு தலைவர்கள் வருந்தினார்கள். ஒருவர் தங்கள் ஊரான கடத்தூரில் சிலை வைக்க வேண்டும் என்றார். அடுத்தவர் வெண்கலச் சிலை என்றார். இந்த இடத்தில் கதிரவன் மறுப்புப் போட்டிருக்க வேண்டும். அவரோ சொந்த வீட்டு இழவில் மற்றவர்கள் முந்திக்கொண்டார்களே என்று பதறி, ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று தானும் ஒன்று போட்டார். மாப்பிள்ளை உயிரோடு இருப்பது உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

“தெரியுங்க மாமா. ஊரே அழுவறப்ப நாம மட்டும் கம்முனு இருந்தா, நாட்டுப்பற்று இல்லாதவன்னு சொல்லிருவாங்க.”

பூவரசனே அந்தப் பதிவின் கீழ், ‘நான் நல்லா இருக்கேங்க’ என்று எழுதினார். அது எதிரி நாட்டின் போலிக் கணக்கு என்று கதிரவனின் ஆள் ஒருவர் அவரை பிளாக் செய்தார். அந்தத் துணிச்சலுக்கு இருநூறு பாராட்டு.

தங்கள் வாசலில் மாலையோடு கூட்டம் கூடியதும், சம்பந்தியம்மாள் மயங்கி விழுந்ததும், பூவரசன் கையில் கரண்டியோடு வீடியோ காலில் தோன்றியதும், அம்மா கண்ணைத் திறந்து முதல் வார்த்தையாக, “இந்த வூட்லயா பொண்ணு எடுக்கறது?” என்று கேட்டதும் எனக்குத் தெரியும். நியாயமான கேள்வி. ஆனால் வெண்மதி என்ன செய்வாள்? “அவரு போயிட்டாருன்னு வந்தப்பகூட பத்து நிமிசந்தான்பா அழுதேன், போன் வந்துருச்சு. பத்திரிக திரும்பி வந்ததுக்கு மூணு நாளா அழுவறேன்” என்கிறாள். சாப்பாடும் சரியாக இல்லை.

இப்போது சண்டை நின்றுவிட்டது. அந்தச் செய்தியை இரண்டு நாடுகளும் அறிவிப்பதற்கு ஏழு நிமிடம் முன்பே கதிரவன் அறிவித்தார். எப்படி முடிந்தது என்று கேட்டால், “சண்ட நின்னுருச்சுன்னு தினம் ஒரு தடவ போட்டுட்டேதாங்க இருந்தேன்” என்கிறார். அன்றே அவர் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டோம். சாவி சென்னம்மாளின் இடுப்பில் இருக்கிறது. இனி எங்கள் வீட்டிலிருந்து உண்மையல்லாத ஒரு சொல்கூடத் தங்கள் வீட்டுக்கு வராது. பெற்ற பெண்மேல் சத்தியம். கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தை, அவர் கோபம் தணிந்த வேளையாகப் பார்த்துச் சொல்லவும். தங்கள் குடும்பமும் தோட்டமும் எல்லா வளமும் பெற வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்,
கோவிந்தன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் பூவரசன். இரங்கல் பதிவுகளைப் பார்த்த மேலதிகாரி விழுந்து விழுந்து சிரித்து, ஊரில் முகத்தைக் காட்டிவிட்டுக் கல்யாணத்தையும் முடித்துக்கொண்டு வா என்று ஒரு மாதம் விடுப்பு கொடுத்தாராம். ரயிலை விட்டு இறங்கியவர் கடத்தூருக்கு வராமல் நேராக இங்கே வந்துவிட்டார். ஒரு மணி நேரமாகக் கிணற்றடியில் வெண்மதியோடு பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரின் சிரிப்பும் இங்குவரை கேட்கிறது. “மொதல்ல இங்க வந்தது அம்மாவுக்குத் தெரிய வேணாங்க மாமா” என்கிறார். எனவே இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும். சம்பந்தியம்மாள் கேட்டால், ரயில் ஆறு மணி நேரம் தாமதம் என்று சொல்லிவிடுங்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.