தூங்கும் கூழைக்கடாவும் திருவாளர் வில்சனும்

இந்த வருடம் ஒரு சிற்பமாவது விற்றே தீருவேன் என்று, ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்று சபதம் செய்தேன். சாட்சிக்கு நாற்பது கூழைக்கடாக்கள் இருந்தன. எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. கரையேறிப் பார்த்தால் செருப்பில் ஒன்றைக் காணோம்.

சபதத்துக்குக் காரணம் என் மனைவி நோலீன். நோலீனுக்குக் காரணம் அவள் அக்கா டல்சி.

டல்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் எனக்கு ஆறும். எங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவள் அவள்தான். மொத்தம் முப்பத்தாறு படம். முப்பத்தாறிலும் எனக்குத் தலை கிடையாது. நாற்பத்தாறு வருடமாக எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் நோலீன் வெள்ளை உடையில், தலையில்லாத ஒரு கோட்டு சூட்டின் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இவர் யாரு, முதல் புருஷனா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். டல்சி இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

அந்த டல்சி முர்ரே பிரிட்ஜ் ஊரில் இருக்கும் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்து தங்கப் போகிறாளாம். எங்கே? என் ஷெட்டில்.

நான் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். முப்பத்தோரு வருடம் கவுன்சிலுக்கு மண் ரோடு போடும் வண்டி ஓட்டினேன். அத்தனை வருடமும் மண்ணை மட்டமாக்கினேன். ஓய்வு பெற்ற பிறகு அதே மண்ணை மேடாக்குகிறேன். அவ்வளவுதான் என் கலை.

ஆனால் அந்த ஷெட்டுக்குள் போனால் நான் வேறு ஆள். தகரக் கூரை வெயிலில் மெல்ல முனகும். ஈரக் களிமண் மழை வாசனை அடிக்கும். சூளை ஆறும்போது உள்ளே ஏதோ ஒரு பூச்சி கடிகாரம் கட்டிக்கொண்டு நடப்பது போல டிக் டிக் என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டால் விரல்கள் பார்க்க ஆரம்பித்துவிடும். ஜன்னலுக்கு வெளியே ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. நான் எங்கே முடிகிறேன், மண் எங்கே ஆரம்பிக்கிறது என்றும் தெரியாது. நோலீனுக்கு மட்டும் தெரியும். கதவடியிலேயே நிறுத்தி, காலைக் கழுவச் சொல்வாள்.

"ஷெட்டுல டல்சி இருக்கட்டும், ராய்ஸ். ஜன்னல் இருக்கு. குழாய் இருக்கு."

"சூளையும் இருக்கு."

"நல்லதுதானே. குளிருக்கு ஆகும்."

"அது ஆயிரத்து இருநூறு டிகிரி, நோலீன்."

"அவளுக்குக் குளிர் தாங்காது."

"அப்போ என் சிற்பமெல்லாம்?"

"பதினோரு வருஷமா செய்யற. எத்தனை வித்திருக்க?"

"கலையை அப்படி எண்ணக் கூடாது."

"ஒண்ணு?"

"போன வருஷம் ஒருத்தர் என் கூழைக்கடாகிட்ட நின்னு விசாரிச்சார்."

"கழிப்பறை எங்கன்னு விசாரிச்சார். நான் பக்கத்துலதான் நின்னேன்."

அதுவும் உண்மைதான். எங்கள் ஊர் மண்பாண்டச் சங்கத்துக்குத் தலைவர் மால்கம் ஸ்ட்ரெம்பல். போன வருடக் கண்காட்சியில் என் சிற்பத்தைக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்ததோடு விட்டாரா? அம்புக்குறி போட்ட பலகையை அதன்மேலேயே சாய்த்து வைத்தார். அன்றிலிருந்து அவரோடு நான் பேசுவதில்லை. அவர் இதை இன்னும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அக்டோபரில் திங்களும் விடுமுறையாக வரும் வாரக் கடைசியில் ஊர் மண்டபத்தில் கண்காட்சி. சனி, ஞாயிறு, திங்கள். திங்கள் நாலு மணிக்குள் என் சிற்பம் ஒன்று விற்றால், சாகும்வரை ஷெட்டு எனக்கு. விற்காவிட்டால் டல்சிக்கு.

"சரி கண்ணு," என்றாள் நோலீன்.

நோலீன் என்னை ராய்ஸ் என்றால் சாதாரணம். மடையா என்றால் பிரியம். கண்ணு என்றால் வீட்டை விட்டு ஏதோ போகப் போகிறது என்று அர்த்தம். இதற்கு முன் அப்படிக் கூப்பிட்டபோது என் மோட்டார் சைக்கிள் போனது.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஒரே ஒரு கூழைக்கடாவைச் செய்தேன். தூங்கும் கூழைக்கடா. கழுத்தைத் திருப்பி, அந்த நீண்ட அலகை முதுகின்மேல் போட்டுக்கொண்டு, கண்ணை முக்கால்வாசி மூடியிருக்கும். முதல் பறவை சூளையில் வெடித்தது. உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. இரண்டாவதற்கு அலகு விழுந்தது. மூன்றாவது பறவை வெளியே வந்த காலை, சூளை மூடியைத் திறந்துவிட்டு நான் காபி குடிக்க மறந்து நின்றேன். சாம்பலும் வெள்ளையும் கலந்து, விடியற்காலையில் ஏரி இருக்குமே, அந்த நிறம். நான் கொடுத்த நிறம் அதுவல்ல. நெருப்பு தானாகக் கொடுத்தது.

நோலீனும் கண்காட்சிக்குச் செய்தாள். டிவி பார்த்துக்கொண்டே, முட்டை வைத்துச் சாப்பிடும் குட்டிக் கிண்ணங்கள். நாற்பது. சனிக்கிழமை காலை பத்தரைக்கு ஒன்றுகூட மிச்சமில்லை.

என் பறவையை யாரும் பார்க்கவில்லை. ஒருவர் அதன்மேல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து ஷூ லேஸ் கட்டினார். ஞாயிறு மதியமும் அப்படியே போயிற்று.

எங்கள் கண்காட்சிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருள் விற்றால் அதன் பெயர்ச் சீட்டில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுவோம். பொருள் கடைசி நாள் வரை அங்கேயேதான் இருக்கும். பொட்டு வைத்ததை வேறு யாரும் கேட்க முடியாது. எங்கள் ஆட்களுக்கோ பொட்டு இல்லாத பொருள் கண்ணிலேயே படாது. முதல் ஆளாக இருக்க எல்லோருக்கும் பயம். இன்னொருவன் வாங்கிவிட்டான் என்று தெரிந்தால் போதும், அடடா நாம் வாங்கியிருக்கலாமே என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஞாயிறு மூன்று மணிக்கு விற்பனை மேசையில் என் முறை. நோலீன் வாசலில் ஸ்கோன் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் பொட்டுத் தாள். சுற்றிலும் யாருமில்லை. ஜன்னல் வழியாக வெயில் வந்து பறவையின் முதுகில் உட்கார்ந்தது. அது என்னைப் பார்த்து முக்கால் மூடிய கண்ணை முழுதாகத் திறந்தது போல இருந்தது.

ஒட்டிவிட்டேன்.

விற்பனை நோட்டில் எழுதினேன்: திரு. வில்சன், அடிலெய்ட். தூண்டில் வாங்க ஒளித்து வைத்திருந்த பணத்தை எடுத்து விற்பனை டப்பாவில் போட்டேன்.

பத்து நிமிடத்தில் பறவையைச் சுற்றி ஏழு பேர்.

"அட, வித்துப்போச்சா!"

"அப்பவே சொன்னேன், அதுல என்னமோ இருக்குன்னு."

"கண்ணைப் பாரேன், கண்ணை."

மால்கம் ஸ்ட்ரெம்பலே வந்தார். "ராய்ஸ், இதை நடுவுல வெளிச்சத்துக்குக் கொண்டு வரலாமா?" என்று கேட்டார். அவரோடுதான் நான் பேசுவதில்லையே. தலையை மட்டும் ஆட்டினேன். தாராளமாக ஆட்டினேன்.

வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தேன்.

"வாழ்த்துகள் கண்ணு," என்றாள் நோலீன். மிதக்கிறவன் காதில் அந்தச் சொல் சரியாக விழவில்லை. "எப்படி இருந்தார் உன் வில்சன்?"

"உயரமா."

"தாடி?"

"இருந்துது."

"தொப்பி?"

"தாடிக்கு மேல தொப்பி."

"பாவம். அவ்வளவு தூரம் வந்தவர் ஒரு ஸ்கோன்கூட வாங்காம போயிட்டாரே. இருக்கறது ஒரே வாசல். அதுல நான்தானே உட்காந்திருந்தேன்."

"அவசரமா போனார்."

"வரும்போதும் அவசரமாத்தான் வந்திருப்பார்."

பிறகு சலவை அறைக்குப் போய், மெஷினை ஓடவிட்டுவிட்டு, போனில் வெகுநேரம் பேசினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கொடியில் ஒரு துணியும் காயவில்லை. அதையும் நான் யோசிக்கவில்லை. ஷெட்டில் அடுத்த குளிர்காலத்துக்கு ஒரு கூழைக்கடாக் குடும்பமே என் தலைக்குள் நீந்திக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை இரண்டரை மணிக்கு ஒரு பெண்மணி உள்ளே வந்தார். அறுபது வயது இருக்கும். நரைத்த பின்னல். ஏரி நிறத்தில் நீண்ட கோட்டு. வேறு எதையும் பார்க்காமல், யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போவது போல, நேராக என் பறவையிடம் போய் நின்றார்.

நின்றார் என்றால், அப்படியே நின்றார். மண்டபத்தின் பேச்செல்லாம் தண்ணீருக்கடியில் போய்விட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. அவர் கையை நீட்டி, தொடாமல், அலகின் மேலாகக் காற்றைத் தடவினார். நான் மேசையை விட்டு எழுந்து கிட்டே போனேன். நோலீனும் ஸ்கோன் தட்டோடு எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இது தூங்கறதாலதான் ஏரி அசையாம இருக்கு," என்றார் அந்தப் பெண்மணி, தனக்குத்தானே. "இது முழிச்சுக்கிட்டா தண்ணியெல்லாம் கலைஞ்சிடும். நாம எல்லாரும் இதோட கனவுலதான் வீடு கட்டிக்கிட்டு இருக்கோம்."

பதினோரு வருடம். ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. நான் மண்ணுக்குள் வைத்து மூடியதை இவர் வெளியே இருந்து எடுத்துச் சொல்கிறார்.

"இது எனக்கு வேணும்," என்று சொல்லிவிட்டு, அவர் சீட்டைப் பார்த்தார். முகம் வாடியது. "ஐயோ. வித்துட்டீங்களா."

"ஆமா," என்றாள் நோலீன். "நேத்தே போயிடுச்சு. வில்சன்னு ஒருத்தர்."

"குடுத்து வெச்சவர்," என்று பெருமூச்சு விட்டு, அவர் திரும்பி வாசலை நோக்கி ஓர் அடி வைத்தார்.

அந்த ஓர் அடியில் என் கணக்கெல்லாம் ஓடி முடிந்துவிட்டது. இவர் வாங்கினால் அது நிஜ விற்பனை. ஷெட்டும் நிலைக்கும். வில்சனும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அதற்காகக் கத்தவில்லை. புரிந்துகொண்ட ஒரே ஆள் வாசலைத் தாண்டிப் போகிறாரே என்றுதான் கத்தினேன்.

"நில்லுங்க! விக்கல! அந்தப் பொட்டு பொய். வில்சன்னு எவனுமே கிடையாது. நான்தான் வில்சன்!"

மண்டபம் முழுக்கத் திரும்பியது. மால்கம் ஸ்ட்ரெம்பல் வாயில் வைத்த பாலாடைக்கட்டியை மெல்ல மறந்தார்.

"அப்போ யாருமே வாங்கல?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

"யாருமே வாங்கல! எல்லார் முன்னாடியும் சொல்றேன்!"

அவர் எனக்குப் பின்னால் பார்த்தார். "நோலீன், இது போதுமா? இல்ல, எழுதி வாங்கணுமா?"

"போதும் ஐரிஸ். ஒரு ஸ்கோன் எடுத்துக்கோ. ஜாம் அந்தப் பக்கம்."

ஐரிஸ் டல்சியின் பக்கத்து வீட்டுக்காரியாம். முர்ரே பிரிட்ஜ் நாடகக் குழுவில் இருபது வருடமாக நடிக்கிறாளாம். என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "தப்பா நினைக்காதீங்க. நல்ல பறவைதான். என் வீட்டுல பூனை இருக்கு," என்று சொல்லிவிட்டு ஜாம் இருந்த பக்கம் போனாள்.

கூட்டம் கலைந்தது. பொட்டை நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.

"அவ சொன்னாளே," என்றேன் நோலீனிடம். "ஏரி, கனவு, வீடு... அதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் எழுதிக் குடுத்தேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்திரம் துடைக்கும்போதெல்லாம் நீ அதைத்தானே முணுமுணுக்கற. பதினோரு வருஷமா."

"நீ காதுலயே வாங்கறதில்லைன்னு நினைச்சேன்."

"எல்லாத்தையும் வாங்கிக்கறேன், ராய்ஸ். சிற்பத்தைத்தான் வாங்கல." என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த காய்ந்த மண்ணை விரலால் தட்டிவிட்டாள். "ஒரு தடவையாவது யாராச்சும் அதை உன்கிட்டத் திருப்பிச் சொல்லட்டுமேன்னு தோணுச்சு. நல்லாத்தான் சொன்னா, இல்ல?"

நல்லாத்தான் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே ஏரி கொஞ்சமும் அசையவில்லை. நாற்பத்தாறு வருடத்தில் நோலீன் இவ்வளவு மெல்லிய குரலில் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு உள்ளே எங்கோ மண் இளகியது. இவ்வளவு தெரிந்தவள், அந்த ஷெட்டு எனக்கு என்னவென்று தெரியாதவளா? இந்த நேரம் கேட்டால் இல்லை என்று சொல்வாளா?

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அப்போ ஷெட்டு...?"

"ஐரிஸ் தனியா வரல. டல்சி வெளில கார்ல ரெண்டு மணியிலேர்ந்து உட்காந்திருக்கா. போய்ப் பெட்டிய இறக்கு."